மும்மாரிக் கேள்விக்குப் புதுப் பதில்

அன்புள்ள தருமபுரி நண்பர்களுக்கு,

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் இப்போது ஓயாத வாக்குவாதம் கார்ட்டூனைப் பற்றியது. குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் அல்ல, அரசியலையும் ஊர் உலகத்தையும் கிண்டலடிக்கும் பெரியவர்களுக்கான கார்ட்டூன். 'தி சிம்சன்ஸ்' 1989 டிசம்பரில் தொடங்கி 750 அத்தியாயங்களைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. 'சவுத் பார்க்' 1997இல் வந்தது. இரண்டும் சலித்துவிட்டன என்கிறாள் என் மகள். 2025 ஜூலையில் 'சவுத் பார்க்' அதிபர் டிரம்பை நேரடியாகவே நையாண்டி செய்தபோது வெள்ளை மாளிகையும் ஏறக்குறைய இதையே சொன்னது: இருபது வருடமாக இதற்கு மதிப்பே இல்லையாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதிபர் மாளிகையே பதில் சொல்லும் அளவுக்கு உறைத்திருக்கிறது என்றால் அந்தக் கிண்டலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

'சவுத் பார்க்' ஓர் அத்தியாயத்தை ஏறக்குறைய ஆறே நாளில் முடித்துவிடும். 2013 அக்டோபரில் கரண்ட் போய் ஒரே ஒரு வாரம் தவறியதே அன்று பெரிய செய்தி. 'சிம்சன்ஸ்' அப்படியல்ல. இங்கே எழுதி, கொரியாவில் வரைந்து, ஒளிபரப்பாவதற்குள் பல மாதம் ஓடிவிடும். அதற்குள் சூடு ஆறிவிடும். ஆனால் 'சிம்சன்ஸ்' மங்கியதற்கு வேகம் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எனக்குப் புரிய வைத்தது பென்னாகரம் பக்கத்துப் பாரதக் கூத்து.

எத்தனை தலைமுறையாகப் பார்த்த கதை அது! பதினெட்டாம் நாள் படுகளத்தில் துரியோதனன் விழப்போகிறான் என்பது மடியில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் சனம் விடிய விடிய உட்கார்ந்திருப்பதற்குப் பாதிக் காரணம் கூத்தின் கோமாளியான கட்டியக்காரர். ராஜா செந்தமிழில் முழங்குவார், இவர் நம் பேச்சில் வெட்டுவார். நான் பார்த்த ஓர் இரவில் துரியோதனன் கொலுவில் அமர்ந்து, "நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டான்.

"மழ இல்லீங்க மகாராசா. ஆனா நம்ம சனத்துக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஏழ எளிய மக்க அத்தன பேருக்கும் தங்கப் பல்லு கட்டியாச்சு. போர்த் தண்ணி கட்டுன பல்லுங்க!"

சொல்லிவிட்டு ஈறு தெரிய இளித்தார். அரிதாரத்துக்கு நடுவே அவர் பல்லிலும் அதே மஞ்சள் கறை. கூட்டம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தது. நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு எத்தனை பேரின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைத்தார்கள்.

காவிரித் தண்ணீர் ஊருக்குள் வந்து சில வருடம் கழித்து அதே கட்டியக்காரரை மறுபடி பார்த்தேன். துரியோதனன் அதே கேள்வியைக் கேட்டான். தங்கப் பல் வரவில்லை. "மழ பேஞ்சா மட்டும் போதுங்களா? ஏர் ஓட்டுற பையனெல்லாம் பெங்களூருல சென்ட்ரிங் அடிக்கிறான், பொண்ணுங்க திருப்பூருல துணி தெக்கிது. மழதான் வந்து உழுவணும்" என்றார். பெற்றவர்கள் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. கைதட்டல் வாங்கித் தந்த பழைய வசனத்தை, வேளை முடிந்ததும் அவரே விட்டுவிட்டிருந்தார். பெரிய கலைஞனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

'சிம்சன்ஸ்' தவறியது அங்கேதான். அதில் கடைக்கார இந்தியர் அப்பு 1990இல் வந்தார். அவர் குரல் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகருடையதாக இருந்தது. "நன்றி, மறுபடி வாருங்கள்" என்று அவர் இழுத்துப் பேசும் ஆங்கிலத்தைச் சொல்லிக்காட்டி அலுவலகத்தில் என்னையும் சீண்டியிருக்கிறார்கள், வலித்தது. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் இதைவிட அதிகம் பட்டிருக்கிறார்கள். அதைத்தான் ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படமாக்கிக் கேட்டார். மறு வருடம் தொடர் பதில் சொன்னது: கதையில் வரும் சிறுமி லிசா நம்மை நேராகப் பார்த்து, அன்று எல்லோரும் ரசித்தது இன்று தப்பென்றால் என்ன செய்ய முடியும் என்கிறாள். பக்கத்தில் சட்டம் போட்ட அப்புவின் படம். 2020இல்தான் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். தொடக்க ஆண்டுகளில் அத்தனை கூர்மையாக இருந்த தொடர், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மாறிவிட்டதைக் கவனிக்கவில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

கோடையில் பாரதம் வைத்தால் எனக்காக ஒன்று செய்யுங்கள். நான் பார்த்த பதிவுகளில் பாட்டும் ஆட்டமும் முழுதாக இருக்கின்றன, கட்டியக்காரர் பேச்சை வெட்டிவிடுகிறார்கள். அதை மட்டும் போனில் எடுத்து வையுங்கள். எந்த ஊர், எந்த வருடம், அந்த வாரம் ஊரில் என்ன பேச்சு அடிபட்டது என்பதையும் கூடவே எழுதுங்கள். அது இல்லாமல் பத்து வருடம் கழித்துக் கேட்பவருக்கு, கூட்டம் எதற்குச் சிரித்தது என்றே விளங்காது.