வலிக்கு ஒரு பெயர்

இதை எழுதலாமா என்று எங்களுக்குள் நெடுநாள் பேச்சு நடந்தது. வலி எங்களில் ஒருவருடையது. ஆனால் அதனோடு குடித்தனம் நடத்தியவர்கள் இருவர் என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

திருமணமான இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. பெண்குறியின் வாயிலில், மிளகாய் அரைத்த கை பட்டது போன்ற எரிச்சல். ஸ்கூட்டரில் அமர்ந்தால், இறுக்கமான துணி உரசினால் அது மூளும். கூடலுக்கு முயன்றால் கத்தியால் கீறுவது போலிருக்கும். ஆனால் புண் இல்லை, வீக்கம் இல்லை, பார்ப்பவர் கண்ணுக்கு எதுவுமே இல்லை.

முதல் மருத்துவர் பூஞ்சைத் தொற்று என்று களிம்பு எழுதினார். இரண்டாமவர் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். சோதனைகளில் எந்தக் கிருமியும் அகப்படவில்லை. மூன்றாமவர், ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எந்த வழி அடைபட்டிருந்ததோ அந்த வழியையே மருந்தாகச் சொன்னார். அம்மாவோ 'சூட்டு உடம்பு' என்று வெந்தயத் தண்ணீரும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் விதித்தார்.

சொல்வதற்கு மொழியும் கைகொடுக்கவில்லை. 'கீழே', 'அந்த இடத்தில்' என்பதற்கு மேல் வாய் வரவில்லை. சங்கப் பாடல்களில் அல்குல் என்ற சொல் தயக்கமின்றிப் புழங்குகிறது. அது உடலின் எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேச்சுத் தமிழில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் வசைகள். இலக்கியம் வாசிக்கிறவர்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்ட நாங்கள், மருத்துவர் முன் ஊமைகளாக உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். 'இன்று வேண்டாம்' என்ற ஒவ்வொரு முறையும் ஒருவர் குற்றவாளியானோம், மற்றவர் வெறுக்கப்பட்டவரானோம். பிறகு கையைப் பற்றிக்கொள்வதையும் தவிர்த்தோம். அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற பயம்.

நான்காம் ஆண்டில் ஒரு மருத்துவர் பஞ்சு சுற்றிய குச்சியால், கடிகார எண்களைத் தொடுவது போல வாயிலைச் சுற்றி ஒவ்வொரு புள்ளியாக மெல்லத் தொட்டார். ஐந்திலும் ஏழிலும் உடல் துள்ளியது. 'வல்வோடினியா' என்றார். தெளிவான காரணம் புலப்படாமல் குறைந்தது மூன்று மாதம் நீடிக்கும் வலி என்று 2015இல் பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் இதை வரையறுத்திருக்கின்றன. பெயரைக் கேட்டதும் இருவரும் அழுதோம். நோய் உறுதியானதற்காக மகிழ்ந்து அழுதவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அங்குள்ள நரம்பு முனைகள் மிகையாகக் கூர்மையடைந்துவிடலாம். வலிக்கு அஞ்சி இடுப்புத்தளத் தசைகள் இறுகுகின்றன. இறுக்கம் வலியை வளர்க்கிறது. இந்த வட்டத்தைப் பல இடங்களில் அறுக்க வேண்டும் என்றார். சோப்பு நின்றது, வெறும் தண்ணீர் மட்டும். பருத்தி உள்ளாடை. லிடோகெய்ன் களிம்பு. இரவில் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின். அது மனச்சோர்வுக்கான மருந்து என்று அறிந்தபோது, 'எல்லாம் மனக்கோளாறு என்கிறார்களா?' என்று கோபம் வந்தது. நரம்பு வலியைத் தணிக்கவும் அது பயன்படும் என்று பொறுமையாக விளக்கினார்.

பெரிதும் உதவியவர் பிசியோதெரபிஸ்ட். தசையை இறுக்கும் பயிற்சி அல்ல, தளர்த்தும் பயிற்சி. வயிறு எழும்பும்படி மூச்சிழுத்து, அடித்தளம் இளகுவதை உணர வேண்டும். சில மாதங்களுக்குக் கூடலே வேண்டாம் என்று மருத்துவர் தடை விதித்தார். அந்தத் தடை எங்களுக்கு விடுதலையாக இருந்தது. அச்சமின்றி மறுபடியும் கைகோத்துக்கொண்டோம்.

வலி முற்றாகப் போய்விடவில்லை. பத்துக்கு எட்டாக இருந்தது, பெரும்பாலான நாட்களில் இரண்டாக இருக்கிறது. சில நாட்களில் காரணமின்றித் திரும்பி வரும். அப்போது முன்போல் ஒருவரையொருவர் சந்தேகிப்பதில்லை.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னோம். அவர் முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து, "எனக்கும் இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அதன் பிறகே இதை எழுதுவது என்று முடிவு செய்தோம்.