எரிபொருளின் வழி

பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்குப் புதியதன்று. ஆயினும், தன் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு விமானத்தைக் கட்டி, அதில் தானே ஏறி வானில் உலவும் துணிவு இருபதாம் நூற்றாண்டுக்கே உரியது. அமெரிக்க நாட்டில் இத்தகைய ஆர்வலர்கள் 1953 ஆம் ஆண்டில் ஒரு சங்கம் கண்டனர். விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷ் நகரில் அச்சங்கம் நடத்தும் கோடை விழாவுக்கு இன்று ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்திறங்குகின்றன. அந்நாட்டுச் சட்டம் இவ்விமானங்களுக்கு விதிக்கும் இலக்கணம் ஆசிரிய உள்ளங்களுக்கு இனிப்பது. விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுவோரே செய்திருத்தல் வேண்டும். அதையும் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே செய்திருத்தல் வேண்டும். வானூர்தியைப் பாடநூலாக ஏற்ற சட்டம் அது.

ஆனால் இப்பாடநூலில் பிழை நேர்ந்தால் சிவப்பு மையால் திருத்திவிட இயலாது. அப்பிழைகளுள் கொடியது, இயந்திரத்துக்கு எரிபொருள் சென்று சேராமையாகும். தரையில் நிற்கும்போது இயந்திரம் இனிது முழங்கும். ஓடுபாதையில் விரைந்து நிலத்தை விட்டு மேலெழுந்ததும் இருமும், பின்னர் ஓயும். கட்டியவர் திகைப்பார். சற்று முன்வரை நன்றாக ஓடிய இயந்திரம் அல்லவா? உண்மை யாதெனில், நின்ற நிலையில் மெல்ல ஓடும் இயந்திரம் பருகுவது சிறிது. முழு விசையுடன் மேலேறும்போது அது கேட்பதோ பன்மடங்கு. பாதி அடைபட்ட குழாய் முன்னதற்குப் போதும், பின்னதற்குப் போதாது.

பழக்கமில்லாதவர் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுவார். தவறு கண்ணில் பட்ட இடமும் தவறு பிறந்த இடமும் ஒன்றே என்று எண்ணுவது மனித இயல்பு. தேர்ந்தவரோ தொட்டியிலிருந்து தொடங்கி, எரிபொருள் செல்லும் வழியே தாமும் செல்வார். தொட்டியின் மூடியருகே அல்லது இறக்கையின் அடியில் ஒரு சிறு காற்றுக்குழாய் உண்டு. பால் டின்னில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் பால் சொட்டிச் சொட்டி நின்றுவிடும். மறுபுறம் இன்னொரு துளையிட்டால்தான் ஒழுகும். இதனை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அந்த இரண்டாம் துளையே இக்காற்றுக்குழாய். மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவிக்கு இதைவிட ஏற்ற இல்லம் வேறில்லை. சில நாள் நிறுத்தி வைத்த விமானத்தில் குளவி ஒன்று குடியேறிவிட்டால், தொட்டி நிறைய பெட்ரோல் இருந்தும் இயந்திரம் பட்டினி கிடக்கும்.

காற்றுவழி திறந்திருப்பின் அடுத்தது ஓட்டத்தை அளத்தல். விமானத்தின் மூக்கை மேலேறும் கோணத்துக்கு உயர்த்தி, கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, ஒரு கலத்தில் எரிபொருளைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பம்பின்றித் தானே வழியும் அமைப்பாயின், முழு விசையில் இயந்திரம் செலவிடும் அளவில் 150 விழுக்காடு வருதல் வேண்டும். பம்பு தள்ளும் அமைப்பாயின் 125 விழுக்காடு. மணிக்கு 20 லிட்டர் பருகும் இயந்திரமெனில் முன்னதற்கு 30 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டர். ஆரம்பப் பள்ளிக் கணக்குத்தான். ஆனால் விடை தவறினால் விலை உயிர்.

அளவு குறைந்தால், குற்றவாளி இடையில் எங்கோ ஒளிந்திருக்கிறான். தொட்டியைக் கட்டியபோது உதிர்ந்த கண்ணாடி இழைத் தூள் வடிகட்டியை மூடியிருக்கலாம்; மரையில் சுற்றிய நாடாவின் துணுக்கு கிழிந்து வால்வில் சிக்கியிருக்கலாம்; பழைய ரப்பர் குழாயின் உட்தோல் உரிந்து கதவைப் போல் மூடியிருக்கலாம். அளவு சரியாகவே இருந்தும் இயந்திரம் ஓய்வதுண்டு. வெயிலில் சூடேறிய குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகள் வழியடைப்பது ஒன்று. ஈரக்காற்று கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் குளிர்ந்து பனிக்கட்டியாவது மற்றொன்று. வெளியே இதமான வெப்பம் இருக்கும்போதும் இது நேரும். இயந்திரம் நின்றபின் பனி உருகிவிடுவதால், தரையிறங்கித் தேடுவோர்க்குத் தடயம் ஏதும் கிட்டாது. இதற்கு மருந்தாகச் சூடான காற்றைத் திறந்துவிட்டால், உருகிய நீர் உட்புகுந்து இயந்திரம் முதலில் இன்னும் மோசமாக இருமும். அஞ்சி அதனை மூடிவிடும் விமானி தனக்குத் தானே கேடு செய்துகொள்கிறான்.

இவை யாவும் அடைப்பால் வருவன. ஒரு துகளும் அடைக்காமல், எரிபொருள் வழியின் அமைப்பே உயிர்குடித்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. உலகப் புகழ் பெற்ற பாடகர் ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12 ஆம் நாள் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் கரையருகே கடலில் வீழ்ந்து மாண்டார். வயது 53. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த விமானி அவர். அன்று அவர் ஓட்டியது பர்ட் ருடான் வடிவமைத்த லாங்-ஈசி வகை விமானம், வேறொருவர் கட்டியது, இவர் கைக்கு அப்போதுதான் வந்திருந்தது. இடத்தொட்டியா வலத்தொட்டியா எனத் தேரும் வால்வின் கைப்பிடியை, ருடானின் வரைபடம் விமானியின் கால்களுக்கிடையே வைத்திருந்தது. கட்டியவரோ, பெட்ரோல் குழாய்கள் அமரும் அறைக்குள் வரலாகாது என்று கருதி, அதை விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் அமைத்தார். எண்ணம் நல்லதே. ஆனால் அதைத் திருப்ப வேண்டுமெனில் விமானி உடலை முறுக்கிப் பின்னே கையை நீட்ட வேண்டும். எரிபொருள் அளவு காட்டும் குழாய்களோ பின்னிருக்கையில் இருப்போர்க்கே தெரிவன. அவற்றில் அளவுக் குறியும் இல்லை.

புறப்படுமுன் இக்குறைகளைப் பற்றி விமான நிலையப் பணியாளர் ஒருவரும் டென்வரும் பேசினர். கைப்பிடியை எட்டுவதற்காகக் குறடு ஒன்றைப் பூட்டிப் பார்த்தனர், பயன் தரவில்லை. தோளுக்குப் பின் அளவைப் பார்த்துக்கொள்ள அப்பணியாளர் ஒரு சிறு கண்ணாடியைத் தந்தார். எரிபொருள் நிரப்பவா என்று கேட்டபோது டென்வர் வேண்டாம் என்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரமே பறக்கப் போவதாகச் சொன்னார்.

கடற்கரையில் நின்றோர் இயந்திர ஒலி தளர்வதையும் விமானம் தலைகீழாக வீழ்வதையும் கண்டனர். கைப்பிடியை எட்டத் திரும்பியபோது, உடலைத் தாங்க ஊன்றிய வலக்கால் தன்னையறியாமல் திசைமிதியை அழுத்திவிட்டது என்பது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிபு. எரிபொருள் நிரப்பாமையும், கைப்பிடி இருந்த இடமும், குறியிடாத அளவுக்குழாய்களும் அவ்வறிக்கையில் சுட்டப்பெற்றன. கட்டியவரின் முடிவுக்கு, அவரல்லாத பிறிதொருவர் விலை கொடுத்தார். வீட்டில் கட்டும் விமானம் விற்கப்படும்போது கட்டியவரின் எண்ணங்களும் சேர்ந்தே விற்கப்படுகின்றன. அவற்றை விளக்க அவர் உடன் பறப்பதில்லை.

அதே வாரியம் 2012 ஆம் ஆண்டில் வீட்டில் கட்டும் விமானங்களை மட்டுமே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு அவ்விபத்துகளில் முன்னிற்பதைக் கண்ட வாரியம், எரிபொருள் அமைப்பு செவ்வனே இயங்குகிறதா என்பதைச் சோதித்துக் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தரையில் செய்யும் அச்சோதனைக்கு வேண்டுவன ஒரு கலமும் ஒரு கடிகாரமும் ஒரு பிற்பகலுமே.