கிணற்றடி வாழையும் வேலிக் கதியாலும்

எங்கள் ஊர் வளவுகளில் எந்த மரம் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கிணற்றுத் தண்ணீர்தான் தீர்மானித்தது. குளித்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் வாழை நின்றது. வாழை குடித்து மிஞ்சியது தென்னைக்குப் போனது. ஈரம் எட்டாத கோடிப்புறத்தில் மாவும் வேம்பும் முருங்கையும். யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமத்துச் செம்மண்ணில் அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் எவரும் தோட்டத்துக்கென்று கடதாசியில் கோடு போட்டதாக எனக்கு நினைவில்லை. கிணறு வெட்டினார்கள், வேலி அடைத்தார்கள். மற்றதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவே தன் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இப்போது புதுவீடு கட்டிக் குடிவருகிற பிள்ளைகள், "என்ன கன்று வாங்கி வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எனக்கு உடனே அந்தக் கிணற்றடிதான் கண்ணுக்குள் வருகிறது. கன்று வாங்குவது கடைசி வேலை. தண்ணீர் எங்கே விழுந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது முதல் வேலை.

துலா இருந்த காலம் அது. ஆடுகாலில் ஏறிக் கிடக்கும் நீட்டுத் துலா, அதன் நுனியில் தொங்கும் துலாக்கொடி, கொடியின் முனையில் வாளி. ஒவ்வொரு வாளியையும் கையால் இழுத்து எடுக்கவேண்டும். அதனால் ஒரு வாளித் தண்ணீரின் பாரம் வீட்டில் எல்லோருடைய தோளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த பாரத்தை யாரும் வீணாக்குவதில்லை. நாங்கள் குளிக்கத் தொடங்கினால் அம்மம்மா மண்வெட்டியோடு வாய்க்கால் கரைக்கு வந்துவிடுவா. முதல் பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அடைத்து அடுத்ததற்குத் தண்ணி மாறுவா. "இன்னும் நாலு வாளி ஊத்து மோனை, கடைசி வாழைக்குப் போகேல்லை" என்பா. எங்கள் குளிப்பு முடிவது அழுக்குப் போனதைப் பொறுத்தல்ல, கடைசி வாழை நனைந்ததைப் பொறுத்து.

சவர்க்காரத் தண்ணீர் வாழைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் கீரைப் பாத்திக்கு அதை விடவே மாட்டா. கீரைக்கு நல்ல தண்ணீர் தனியாகப் பூவாளியில் போகும். அந்த வேறுபாடு இன்றைக்கும் சரியானதே. குளியலறைக் குழாய்த் தண்ணீரைத் திருப்பி விட இடமிருப்பவர்கள் வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடுகிற இலைகளுக்கு வேண்டாம்.

வாழைக்குட்டி தெரிந்தெடுப்பதில் அம்மம்மாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அடிமரத்தைச் சுற்றி இரண்டு விதமான குட்டி வரும். ஒன்று சின்னதாய் இருக்கும்போதே அகல இலை விட்டுப் பார்க்க வடிவாக நிற்கும். மற்றது ஈட்டி போல ஒடுங்கிய இலையோடு முரட்டுத்தனமாய் மேலே எழும்பும். அகல இலைக் குட்டியை நாங்கள் காட்டினால், "அது பார்க்கத்தான் வடிவு, ஒடுங்கினதைக் கிண்டு" என்பா. காரணம் இருக்கிறது. ஒடுங்கிய இலைக் குட்டி தாய்க்கிழங்கோடு உறுதியாக ஒட்டி, அதிலிருந்து உரம் உறிஞ்சி வளர்வது. அதை நட்டால் நல்ல குலை தள்ளும். எங்கள் கிணற்றடியில் கதலியும் இதரையும் கறிக்கு ஒரு மொந்தனும் நின்றன. குலை வெட்டிய மரத்தைத் தறித்துத் துண்டாக்கி அந்த அடியிலேயே போடுவோம். அதில் இருந்த தண்ணீரும் சாம்பற்சத்தும் அடுத்த குட்டிக்கு.

குசினிப் பின்பக்கம் வேறொரு உலகம். அடுப்புச் சாம்பல், அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர், தேங்காய்ப் பொச்சு, பழத்தோல் எல்லாம் அந்த வழியால்தான் வெளியே வரும். அரிசித் தண்ணீர் மாட்டுக்கு. மீன் தண்ணீர் தேசிமரத்துக்கு. பொச்சுமட்டை தென்னங்கன்றுக்கு. தென்னம்பிள்ளை வைக்க மூன்றடி நீள அகல ஆழத்தில் கிடங்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டையை உள்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மண் போடுவார்கள். மாரித் தண்ணீரைப் பொச்சு பிடித்து வைத்திருக்கும், கோடையில் வேர் அதைத் தேடிப் போகும். ஒரு தென்னைக்கும் அடுத்ததற்கும் 25 அடியாவது விடவேண்டும் என்பது அப்புவின் சட்டம். கன்று சின்னதாய் இருக்கும்போது அந்த இடைவெளி பெரும் வீண் போலத் தெரியும். இன்றைய சிறு காணிகளில் நெருக்கி வைத்துவிட்டு, பிறகு ஒன்றும் காய்க்கவில்லை என்று கவலைப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரே ஒரு தென்னை வைக்க இடமிருந்தால் ஒன்றே வையுங்கள்.

பயித்தங்கொடியில் அழுக்கணவன் பூச்சி பிடித்தால் மருந்துக் கடைக்கு யாரும் ஓடவில்லை. விடியற்புறத்தில் பனி ஈரம் காயமுதல் அரித்தெடுத்த சாம்பலை இலையின்மேல் தூவுவார்கள். ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சாம்பலை ஒரே அடியில் குவிக்கக்கூடாது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. அதன்மேல் சாம்பலையும் கொட்டினால் மண்ணின் காரம் ஏறி இலை வெளிறும். பரவலாக, மெல்லியதாக, எப்போதாவது.

கீரை விதைப்பு எனக்கு மிகவும் பிடித்த வேலை. கடுகிலும் சின்ன விதை அது. அப்படியே எறிந்தால் ஓரிடத்தில் குவிந்து முளைக்கும். ஒரு பிடி விதைக்குப் பல பிடி காய்ந்த மணல் கலந்து தூவவேண்டும். விதையை எறும்பு காவும் என்று பாத்தியைச் சுற்றிவர அரிசிக் குருணல் போடுவா அம்மம்மா. எறும்பு குருணலைக் காவிக்கொண்டு போவதற்குள் கீரை முளைத்துவிடும். ஒரு மாதத்துக்குள் கறி. தோட்டத்தில் முதல் முறை கைவைக்கிறவர் முளைக்கீரையில் தொடங்குவதே நல்லது. பொறுமை குறைந்த பருவத்தில் இருக்கிற சிறுபிள்ளைக்குக்கூட அது நம்பிக்கை கொடுக்கும்.

முருங்கைக்கு விதை தேடவேண்டியதில்லை. மணிக்கட்டுப் பருமனில் ஆளுயரத் தடி ஒன்று போதும். மேல்முனை காயாமல் சாணி அப்பி, கூரையிலிருந்து தள்ளி நடவேண்டும். முருங்கைக் கொப்பு எளிதில் முறியும். நட்ட பிறகு தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றால் அடி அழுகும். மாரியில் மயிர்க்கொட்டி மரத்தில் அடையாய் அப்பிக் கிடக்கும். காய்ந்த பனையோலைச் சூள் கொளுத்தி அப்பு அதைக் கருக்கும்போது நாங்கள் எட்டத்தில் நிற்போம். உடம்பில் விழுந்தால் நாள் முழுக்கச் சொறி.

வீட்டுக்கு முன்னால் முற்றம். அங்கே புல்லில்லை. விளக்குமாற்றின் கோடுகள் தெரியக் கூட்டிய வெறும் மண். ஓரத்தில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, சின்னப் பந்தலில் மல்லிகை, நடுவே துளசி. பூவெல்லாம் சாமிக்கு. புல்தரை வளர்க்க எங்கள் கோடை இடம் கொடுக்காது. மழை ஐப்பசி முதல் மார்கழி வரை, பிறகு மாதக் கணக்கில் வெயிலும் சோளகக் காற்றும். இந்த மண்ணில் வெறும் முற்றமும் மரநிழலும்தான் அழகு என்பது என் அபிப்பிராயம். கூட்டின சருகை மாமரத்தடியில் கொட்டினவர்களும் உண்டு, குவித்து எரித்தவர்களும் உண்டு. எரித்தது நட்டம். செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும். சருகு போர்த்தால்தான் ஈரம் நிற்கும்.

வேலியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் எங்கள் தோட்டத்தைச் சொல்ல முடியாது.

கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை, வாதராணி. இவற்றின் கதியால்களை வரிசையாக நட்டு, அவற்றோடு பனையோலையோ கிடுகோ வைத்துக் கட்டிய உயிர்வேலி. வேலி அடைப்பு என்றால் ஊருக்கே தெரியும். பழைய ஓலையைப் பிரித்துப் போடுவார்கள். புது ஓலை வந்து இறங்கும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று குத்தூசியால் கயிறு கோத்துக் கட்டுவார்கள். ஊசி எந்த இடத்தால் வருகிறது என்று பார்த்துக் கயிற்றை மாட்டிவிடுவது சிறுவர்களின் வேலை. பிரித்த உக்கல் ஓலையை யாரும் எறியவில்லை. தோட்டத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். பூவரசங்குழையும் அப்படியே மண்ணுக்குள் போனது. வேலிதான் எங்கள் உரக்கடை.

கதியால்களை வெட்டும்போது கிடைக்கும் குழை ஆட்டுக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி. அவரை வகையைச் சேர்ந்த சீமைக்கிளுவையின் இலையில் தழைச்சத்து நிறைய உண்டு, சில வாரங்களில் உக்கிப்போகும். 2005ஆம் ஆண்டில் இலங்கை அரசு தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அதை அறிவித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஆச்சிமார் வேலியில் வைத்து ஆண்டாண்டு வெட்டியது அதைத்தான்.

அந்த வேலியில் என்னென்ன படரவில்லை! குறிஞ்சா, முசுமுசுக்கை, முடக்கொத்தான், தூதுவளை, கொவ்வை. காய்ச்சல், தடிமன் என்றால் வேலிப்பக்கம் போய் ஒரு பிடி கிள்ளிக்கொண்டு வருவார்கள். சோளகம் வீசும் மாதங்களில் கத்தரியும் மிளகாயும் இலை கருகாமல் நின்றது தெற்கு, மேற்கு வேலிகளின் தடுப்பால். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டும் இருக்கும். அந்தப் பொட்டால் முருங்கைக்காய் போகும், தேசிக்காய் வரும், அவசரத்துக்கு நெருப்பும் வரும். சண்டையும் வரும். கதியாலை அரையடி தள்ளி நட்டதற்காகக் கோட்டுக்கு ஏறி இறங்கிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் சண்டை பிடித்தவர்களும் அடுத்த மாரிக்குக் கதியால் கேட்டுப் பொட்டால் வந்தார்கள்.

1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் இந்த வளவுகளின் உண்மையான பெறுமதி தெரிந்தது. யூரியா வர அனுமதியில்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. மோட்டர் போட்டிருந்தவர்கள் கழற்றி வைத்த துலாவைத் தேடி எடுத்தார்கள். மாட்டெருவும் குழையும் சாம்பலும் திரும்ப வந்தன. வேலி இருந்த வீட்டில் உரம் இருந்தது. முருங்கையிலையும் மரவள்ளியும் வாழைப்பொத்தியும் பல வீடுகளின் அடுப்பை அணையவிடாமல் காத்தன.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, போர் நெருங்க, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது ஓலை இல்லை, வாய்க்கால் தூர்ந்திருந்தது, கதியால்கள் மட்டும் தறிப்பாரில்லாமல் மரமாகி நின்றன. வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பியவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் காத்திருந்து, இராணுவம் படிப்படியாக விடுவித்த காணிகளுக்குள் போனபோது, பலருக்கு எல்லை தெரியவில்லை. கிணற்றை வைத்தும் தப்பி நின்ற மரத்தை வைத்தும் "இதுதான் எங்கட வளவு" என்று கண்டுபிடித்தார்கள்.

பிறகு மதில் வந்தது. வெளிநாட்டுக் காசும் களவுப் பயமும் சேர்ந்து சீமெந்துக் கல்லை அடுக்கின. ஆண்டுதோறும் ஓலை வாங்கிக் கட்ட ஆளும் இல்லை, கட்டத் தெரிந்த கையும் குறைந்தது. மதில் கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மதிலோடு குழை போனது, மூலிகை போனது, பொட்டும் போனது. இப்போது முற்றத்துக்கும் கல் பதிக்கிறார்கள். இது என்னை மிகவும் வருத்துகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் விழுந்து நிலத்துக்குள் இறங்கும் மழைதான் நாங்கள் ஆண்டு முழுவதும் குடிக்கும் தண்ணீர். முற்றத்தை மூடினால் அந்த மழை தெருவுக்கு ஓடும். அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியா, செம்மண்ணாலும் சுண்ணாம்புக்கல் வெடிப்பாலும் இறங்கி, வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பல முறை எழுதிவிட்டார்கள். வளவில் எதைக் கொட்டினாலும் ஒருநாள் வாளியில் ஏறி வரும்.

2021இல் இரசாயன உரத்தை அரசு திடீரென்று நிறுத்தியதும், 2022 நெருக்கடியில் அரச ஊழியருக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது பலர் பூச்சட்டியும் பையுமாய் ஓடித்திரிந்தார்கள். பெரும்பாலான பைகள் அடுத்த கோடையில் காய்ந்துபோயின. நிழலும் இல்லை, குழையும் இல்லை, தண்ணீர் போகும் வழியும் இல்லை. விடுமுறை நாளில் விதை போடலாம், வளவு உண்டாக்க முடியாது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று பக்கம் மதில் கட்டுங்கள். பின்பக்கத்தை, முடிந்தால் சோளகம் வரும் பக்கத்தை, உயிர்வேலிக்கு விடுங்கள். முற்றத்துக்குக் கல் பதிக்காதீர்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் இளகியதும், பக்கத்து வளவில் சீமைக்கிளுவைத் தடி கேட்டு வாங்கி, அடியைச் சரிவாக வெட்டி, அலவாங்கால் ஒரு முழம் இடித்து நட்டு மிதித்துவிடுங்கள். கன்றுக் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.