முகவரும் அம்மாவும்
சென்ற மாதம் காப்புறுதி முகவர் ஒருவர் எமது ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தார். எனக்கொரு கட்டணம் கூறினார். அம்மாவின் வயதைச் சொன்னதும் கோவையை மூடினார். “எழுபது தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை, சேர்” என்றார்.

நோய் வரக்கூடியவரை விலக்கி, சுகதேகிகளிடம் பணம் திரட்டுவதே அவ்வியாபாரம். வேல்ஸின் திரெடிகார் நகரச் சுரங்கத் தொழிலாளர் வேறுவழி கண்டனர். வாரந்தோறும் கூலியிற் சிறுபங்கு கொடுத்தனர். ஊரவரிற் பெரும்பாலானோர்க்கும் வைத்தியம் கிடைத்தது. அவ்வூரில் பிறந்த அனூரின் பெவன், சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5 இல் பிரித்தானியா முழுவதற்கும் இலவச வைத்தியசேவையைத் தொடக்கிவைத்தார்.

பலர் சேரச்சேர ஒருவர் சுமை குறையும்; எல்லோரும் சேர்ந்தால் முதியவரையும் தாங்கலாம். வரிப்பணத்தில் நடக்கும் எமது அரசாங்க ஆஸ்பத்திரியும் அத்தகைய காப்புறுதியே. அங்கே மருந்து தீரும்போதுதான் முகவருக்கு வியாபாரம் பெருகுகிறது. காப்புறுதி மலிய வேண்டுமென்போர் முதலில் அந்த ஆஸ்பத்திரிக்காகக் குரல் கொடுக்கட்டும். அம்மாவின் வயதை அங்கே எவரும் குறையாகக் கொள்வதில்லை.