உறைந்த கால்வாயில் ஒரு தைப்பூசம்

என் பேரன் என்னை ‘அப்பப்பா’ என்று கூப்பிடுகிறான். ஒட்டாவா விமான நிலையத்தில் முதன்முதலில் அதைக் கேட்டபோது, பிள்ளைக்குத் திக்குவாய் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மருமகள் டொரோண்டோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அப்பாவின் அப்பா அவர்களுக்கு அப்பப்பா. தைப்பிங்கில் மகள் பிள்ளைகளுக்குத் தாத்தாவாக இருந்தவன், அங்கே போய் இறங்கியதும் அப்பப்பா ஆனேன்.

கோலாலம்பூரிலிருந்து மூன்று விமானங்கள். காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் முப்பது மணி நேரத்துக்கு மேல். ஜனவரி நடுவில் போய்ச் சேர்ந்தேன். வெளிக்கதவு திறந்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து முள்ளாகக் குத்தியது. வானத்தில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கண்ணுக்கு அது பகல் பன்னிரண்டு மணி வெயில். தோலுக்கு மட்டும் அது தெரியவில்லை.

“கோடையில வாங்கப்பா” என்றுதான் மகன் சொன்னான். குளிர்காலம் வேண்டும் என்று கேட்டது நான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர்கள் வீட்டு வாசலில் கோட்டு மாட்டும் இடத்தில் ஒரு நீலநிறக் கோட்டு தொங்கியது. “மாமியின்ர” என்றாள் மருமகள். பேரன் பிறந்த 2017இல் என் மனைவி இங்கே வந்து ஆறு மாதம் இருந்தாள். எனக்கும் சேர்த்துத்தான் மகன் பயணச்சீட்டு எடுப்பதாகச் சொன்னான். முழங்கால் வலி என்று சொல்லி நான் வரவில்லை. உண்மையில் வலித்தது முழங்கால் இல்லை. படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அவன் படிப்புக்காக நான் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கோபம். கோபத்துக்கு வயது ஏற ஏற அதை வெளியில் சொல்ல வெட்கமாகிவிடுகிறது, முழங்காலைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒட்டாவாவில் பார்க்க நாடாளுமன்றம், அருங்காட்சியகங்கள் எல்லாம் உண்டு. என்னைப் பிடித்துக்கொண்டது ரிடோ கால்வாய்தான். ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர். 1826இல் தொடங்கி 1832இல் முடித்தார்கள். இன்று அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். குளிர்காலத்தில் நகருக்குள் இருக்கும் 7.8 கிலோமீட்டர் நீளம் உறைந்து, மக்கள் சறுக்கிச் செல்லும் பாதையாகிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் முதுகில் பையோடு அதில் சறுக்கிப் போகிறார்கள். கட்டணம் கிடையாது.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதனால் சறுக்குகிறவர்களைவிடப் பனிக்கட்டியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மேல்தான் என் கண் போனது. இலையுதிர் காலத்திலேயே கால்வாயின் நீர்மட்டத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பிறகு பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து நல்ல குளிர், அதாவது மைனஸ் 10க்கும் மைனஸ் 20க்கும் இடைப்பட்ட குளிர், வேண்டும். பனிக்கட்டியில் துளையிட்டுக் கனத்தை அளக்கிறார்கள். 30 சென்டிமீட்டர் தேறினால்தான் மக்களை விடுவார்கள். இரவில் அடியிலிருந்து நீரை இறைத்து மேலே பாய்ச்சி, வெடிப்புகளை மூடி வழவழப்பாக்குகிறார்கள். பச்சைக்கொடி என்றால் திறந்திருக்கிறது, சிவப்பு என்றால் இல்லை. நம் லயன் பார்க்கிற ஆட்கள் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தில் நடந்து போவார்களே, அதே வேலைதான். 2023ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குளிர் போதாமல் பாதையைத் திறக்கவே முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றில் அதுதான் முதல் முறை.

தைப்பூசத்தன்று மகன் விடுப்பு எடுத்தான். பையனையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஊரில் இருந்திருந்தால் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பேன். இங்கே காலில் இரண்டு காலுறை, அதற்கு மேல் முழங்கால் வரை பூட்ஸ். மைனஸ் 18. மருமகள் எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டுக் குல்லாவை இழுத்து நெற்றியை மூடினாள்.

முதலில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் எட்டு மதகுகள் படிக்கட்டுபோல் இறங்கும் இடத்துக்குப் போனோம். “கவனம் அப்பப்பா, வழுக்கும்” என்று பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அங்கே ஒரு கல்சிலுவை நிற்கிறது, கால்வாய் வெட்டி இறந்தவர்களின் நினைவாக. அயர்லாந்துக்காரர்கள் நிறையப் பேர், பிரெஞ்சுக் கனடியர்களும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பேர் என்கிறார்கள். சிலுவையில் செதுக்கிய உருவங்களில் தள்ளுவண்டியோடு ஒரு கொசுவும் இருக்கிறது.

கொசுவா? மகனிடம் இரண்டு முறை கேட்டேன். ஆமாம், மலேரியா. கோடையில் சதுப்பு நிலத்தில் வேலை செய்த ஆட்களை மலேரியா வாரிக்கொண்டு போயிருக்கிறது. பனிக்குள் நின்றுகொண்டு நான் என் தாத்தாவை நினைத்தேன். தோட்டத்துக்குக் காடு வெட்ட வந்தவர். கூடக் கப்பலில் வந்த அண்ணனை முதல் வருடமே காய்ச்சலில் பறிகொடுத்தவர். அவர் அண்ணனைப் புதைத்த இடம் யாருக்கும் தெரியாது. இங்கே யாரோ நினைத்துப் பார்த்து ஒரு கொசுவைச் செதுக்கியிருக்கிறார்கள்.

பிறகு கால்வாய்க்கு வந்தோம். எனக்குச் சறுக்கத் தெரியாது. பின்னாலிருந்து தள்ளுகிற சறுக்குவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது, பெரும்பாலும் பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு. “உக்காருங்கப்பா, தள்ளிட்டுப் போறேன்” என்றான் மகன். மாட்டேன் என்றேன். பையன் சிரித்த சிரிப்பில் உட்கார்ந்துவிட்டேன். மருமகளும் பையனும் முன்னால் போய்விட்டார்கள். என் முகம் மகனுக்குத் தெரியாது, அவன் முகம் எனக்குத் தெரியாது. அப்பனும் மகனும் பேசுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

“அன்னிக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே குளிர்காலத்தில், என் மனைவி ஒரு வியாழக்கிழமை இரவு போய்விட்டாள். சனிக்கிழமை மாலைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றார்கள் பெரியவர்கள். நான் தலையாட்டினேன். என் தம்பி மகன் கொள்ளி வைத்தான். அன்றிரவு பதினொரு மணிக்கு மகன் பையோடு வாசலில் வந்து நின்றான். வீடு நிறைய ஆட்கள். “பெத்தவ சாவுக்குக்கூட நேரத்துக்கு வர முடியல” என்றேன். அவன் பதில் சொல்லாமல் போய்க் குளித்தான்.

பனிக்கட்டியில் கத்திகள் கீறும் சத்தத்தோடு அவன் சொன்னான். “அன்னிக்கு இங்க ஐஸ் மழைப்பா.” மழையாகவே விழுமாம், எதைத் தொடுகிறதோ அதன்மேல் கண்ணாடியாக உறைந்துவிடுமாம். விமானத்தின் இறக்கையில் மருந்து அடித்துப் பார்த்தார்கள். ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். பேருந்தில் மான்ட்ரியல் போகலாமென்றால் சாலையும் மூடிக்கிடந்தது. பத்தொன்பது மணி நேரம் நிலையத்தின் தரையில் உட்கார்ந்திருந்தான். “மணியப் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்களுக்கும் எனக்கும் பதிமூணு மணி நேரம் வித்தியாசம். ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தேன்.”

2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானில் கெமுபு ரயில் பாலத்தையே ஆறு அடித்துக்கொண்டு போனது. ஏன் வந்து சேரவில்லை என்று ஒரு பயணியையாவது நான் கேட்டிருப்பேனா? பாதை போனால் வண்டி வராது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்த விஷயம் அது. இந்தக் குளிரை என் கண்ணால் பார்க்க வேண்டுமென்றுதான் ஜனவரியில் வந்தேன். பார்த்துவிட்டேன்.

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுய்யா” என்றேன். “நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கச் சொல்லியிருக்கணும்.”

வண்டி நின்றது. அவன் முன்னால் வந்து குனிந்து, அவிழ்ந்திருந்த என் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினான். அவன் இமையில் ஈரம் வெள்ளையாக உறைந்திருந்தது. குளிருக்கும் அப்படி ஆகும். “டவ்ஸ் லேக் வரைக்கும் போகலாமா, குளிருதா?” என்று கேட்டான்.

போகலாம் என்றேன்.

பாதிவழியில் பையன் ஒரு கடை முன்னால் காத்திருந்தான். பீவர் டெயில் என்று விற்கிறார்கள். கோதுமை மாவை நீளமாகத் தட்டி எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். சூடாகச் சாப்பிட வேண்டும். எனக்கு அது இனிப்புப் பூரி. கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது, கழற்றாவிட்டால் சர்க்கரை ஒட்டுகிறது.

போக நினைக்கிறவர்களுக்கு: மலேசியக் கடப்பிதழுக்குக் கனடா விசா வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். பிப்ரவரியில் வின்டர்லூட் பனித்திருவிழா நடக்கும். கால்வாயை நம்பிச் சீட்டு எடுக்காதீர்கள், அது குளிரின் கையில் இருக்கிறது. நாங்கள் போன மூன்றாம் நாள் மழை பெய்து சிவப்புக்கொடி ஏற்றிவிட்டார்கள்.

என் திரும்பும் சீட்டை மருமகள் மூன்று வாரம் தள்ளிப் போட்டாள். பச்சைக்கொடி ஏறிவிட்டதா என்று பையன் தினமும் காலையில் கைப்பேசியில் பார்த்துச் சொல்வான்.