பாப்பாவுக்கு: ஊசிக்கு அவசரமில்லை

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று போனில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறவில்லை. அழுதுகொண்டே இருந்தால் எப்படி ஏறும்? அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

நீ பயப்படுகிற இடத்துக்கே முதலில் வருகிறேன். ஈரலில் கட்டி என்று கேட்டதும் உனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அதுதான் வந்தது. ஆனால் பெரியப்பாவுக்குக் கட்டி வருவதற்குப் பல வருஷம் முன்பே குடியால் ஈரல் சுருங்கிக் கரடுதட்டிப் போயிருந்தது. அப்படிக் கெட்ட ஈரலில் கட்டி தெரிந்தால், ஸ்கேன் படம் பார்த்துச் சொல்கிற நாங்கள் முதலில் புற்றுநோயைத்தான் சந்தேகிப்போம். உன் கதை வேறு. உனக்கு வயது 36. காமாலை வந்ததில்லை. நெஞ்செரிச்சலுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது இது, கட்டியைத் தவிர ஈரலின் மற்ற பகுதி எல்லாம் நன்றாக இருப்பதாக ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கிறது. நல்ல ஈரலில், உன் வயதுப் பெண்களுக்கு இப்படித் தற்செயலாகக் கண்ணில் படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்றாயே, அதை இந்த வாரமே எடுத்துவிடு. அது இல்லையென்று வந்துவிட்டால் என் மனசும் பாதி ஆறிவிடும்.

இப்போது திட்டப் போகிறேன், கேட்டுக்கொள். உன் மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார் என்று குடிக்க ஆரம்பித்துவிட்டாயாமே? அவர் பாசத்தில் குறையில்லை. ஆனால் என்ன கட்டி என்றே தெரியாமல் எதற்கு மருந்து? எந்தச் சாறு குடித்தும் கட்டி கரையப்போவதில்லை. கூட எதையாவது குடித்து ரத்தப் பரிசோதனையில் எண்கள் ஏறினால், அது கட்டியாலா சாறாலா என்று டாக்டர்தான் குழம்புவார். நிறுத்திவிடு. அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன். ராத்திரியில் யூடியூப் பார்ப்பதையும் நிறுத்து.

அல்ட்ராசவுண்டில் தெரிந்தது இவ்வளவுதான்: ஈரலின் வலது பக்கத்தில் 4 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருக்கிறது, உள்ளே நீர் இல்லை, சதைதான். இதை வைத்து அது இன்னது என்று பெயர் சொல்ல முடியாது. பெயர் சொல்ல அடுத்த படம் வேண்டும். அதற்குள் அங்கே யாரோ, ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். நீயும் தேதி குறிக்கிற அளவுக்குப் போய்விட்டாய். பயாப்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அது வேண்டாம் என்கிறேன்.

உன் வயதில், உன் மாதிரி ஈரலில் மூன்று பேர்தான் பெரும்பாலும் சந்தேகப் பட்டியலில் வருவார்கள். முதலாவது ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தக் குழாய்கள் சுருண்டு சேர்ந்த கட்டி. ஈரலில் வரும் சாதுவான கட்டிகளில் இதுதான் அதிகம். அடுத்தது எஃப்.என்.ஹெச். ஈரல் செல்களே ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும், பல பேருக்கு நடுவில் ஒரு தழும்பு தெரியும். அது புற்றுநோயாக மாறாது. மூன்றாவது அடினோமா. எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான். இதுவும் சாதுதான், ஆனால் பெரிதானால் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம், அபூர்வமாகப் புற்றுநோயாகவும் மாறலாம். 5 செ.மீ. தாண்டினால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது எங்கள் கணக்கு. உன்னுடையது 4. அதனால்தான் பயப்படாதே என்றும் சொல்கிறேன், தள்ளிப்போடாதே என்றும் சொல்கிறேன்.

இந்த மூன்றையும் கத்தியும் ஊசியும் இல்லாமல் எப்படிப் பிரிக்கிறோம் என்று சொன்னால் உனக்குத் தைரியம் வரும். ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. நல்ல ஈரல் பெரும்பாலும் அந்தச் சிரையை நம்பியிருக்கிறது, கட்டிகளில் பல தமனியை நம்பியிருக்கின்றன. கையில் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றிவிட்டு, தமனிக்கு மருந்து வரும் அரை நிமிஷத்தில் ஒரு படம், சிரைக்கு வரும் ஒரு நிமிஷம் சொச்சத்தில் ஒரு படம், சில நிமிஷம் கழித்து இன்னொரு படம் என்று எடுத்தால், கட்டி எப்போது வெளிச்சமாகிறது, எந்த இடத்திலிருந்து வெளிச்சமாகிறது, எப்போது மங்குகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்பா நம் வயலுக்குத் தண்ணீர் விடும்போது பார்த்திருக்கிறாயே, வரப்போரம் அங்கங்கே தேங்கி மெல்ல மெல்ல நடுவுக்குப் போகும். ஹீமாஞ்சியோமாவில் மருந்து அப்படித்தான் ஓரத்திலிருந்து உள்ளே நிரம்பும். எஃப்.என்.ஹெச். தமனிப் படத்தில் தழும்பைத் தவிர முழுவதும் ஒரே மூச்சில் பளிச்சென்று தெரியும், அடுத்த படத்தில் ஈரலோடு கலந்துவிடும். முதலில் பளிச்சென்று ஏறி, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப்போகிற கட்டியைப் பார்த்தால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

எஃப்.என்.ஹெச்.சையும் அடினோமாவையும் பிரிப்பதுதான் கஷ்டம். முதல் படங்களில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதற்காகத்தான் உனக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறேன், அதுவும் ஈரலுக்கென்றே இருக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு. ப்ரைமோவிஸ்ட் என்று ஒன்று வருகிறது. அந்த மருந்தில் ஏறக்குறைய பாதியை நல்ல ஈரல் செல்கள் உள்ளே இழுத்துக்கொண்டு பித்தநீரில் விடும், மீதி சிறுநீரில் போகும். ஊசி போட்டு 20 நிமிஷம் கழித்து எடுக்கிற படத்தில் ஈரல் முழுவதும் வெளிச்சமாக இருக்கும். எஃப்.என்.ஹெச். ஈரல் செல்லால் ஆனது, ஆனால் பித்தநீர் போக அதில் ஒழுங்கான வழியில்லை. அதனால் மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வெளிச்சமாகவே நிற்கும். அடினோமா பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். உன் விஷயத்தில் எனக்கு வேண்டியது அந்த இருபதாவது நிமிஷத்துப் படம். எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுக்கும்போது எந்தக் கான்ட்ராஸ்ட் என்று டாக்டரிடம் கேள். கேட்பதில் தப்பில்லை.

அடினோமாவாகவே இருந்தாலும் எம்.ஆர்.ஐ. அதன் வகையைக் கூட ஓரளவு சொல்லிவிடும். கொழுப்பு நிறைந்த வகை ஒன்று உண்டு, அதற்கென்று எடுக்கும் படத்தில் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அது பெரும்பாலும் தொல்லை தராத வகை.

இனி உன்னிடம் மட்டும் பேச வேண்டியது. நீ மாத்திரை சாப்பிடுவதை ஏன் உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் சொல்லவில்லை? மாதவிலக்கு ஒழுங்காக வரவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறாயே, அதைத்தான் கேட்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார் என்று கூச்சமா, அல்லது அதெல்லாம் மருந்துக் கணக்கில் வராது என்று நினைத்தாயா? அடினோமாவுக்கும் கருத்தடை மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று 1973-இலேயே லான்செட் இதழில் எழுதிவிட்டார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிப்படுத்தின. மாதவிலக்குக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் பல அதே ஈஸ்ட்ரோஜன் கலந்தவைதான். எல்லாம் அல்ல. அதனால் அந்த அட்டையை எடுத்து, பின்னால் அச்சடித்திருக்கும் பெயரை எனக்கு அனுப்பு. மாத்திரை கொடுத்த டாக்டரம்மாவையும் போய்ப் பார், நிறுத்திவிட்டு வேறென்ன செய்யலாம் என்று கேள். அடினோமா என்றால் முதல் வைத்தியமே அதை நிறுத்துவதுதான். நிறுத்தியதும் பல பேருக்குக் கட்டி சுருங்குகிறது. உடம்பு எடையையும் குறைக்க வேண்டியிருக்கும்.

படம் பார்ப்பவருக்கும் இது தெரியவேண்டும். ஒரே படத்தை, மாத்திரை சாப்பிடும் பெண்ணுடையது என்று தெரிந்து பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எங்களுக்கு வரும் சீட்டில் பெயரும் வயதும் கட்டி என்ற ஒற்றைச் சொல்லும்தான் இருக்கும். பெண்கள் சொல்லத் தயங்குவதை நாங்கள் எங்கே போய்த் தேடுவது? மெஷின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உன் வாயால் சொல்லவேண்டியதை நீதான் சொல்லவேண்டும்.

ஊசி ஏன் முதலில் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? ஹீமாஞ்சியோமாவில் ஊசி பட்டால் ரத்தம் கசிய வாய்ப்பிருக்கிறது. எஃப்.என்.ஹெச்.சா அடினோமாவா என்ற கேள்விக்கு, ஊசி முனையில் வரும் துணுக்குச் சதை சில நேரம் தெளிவான பதில் தராது. உள்ளே இருப்பதைப் பார்க்க உடம்பைத் திறந்தே ஆகவேண்டும் என்றிருந்த காலம் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. 1971-இல்தான் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், அதுவும் தலைக்கு மட்டும். இன்று எக்ஸ்ரே கதிர்கூட இல்லாமல் எம்.ஆர்.ஐ.யில் இவ்வளவும் பார்க்க முடிகிறது. இந்த வசதியை விட்டுவிட்டு ஊசியில் ஏன் ஆரம்பிக்கவேண்டும்? படம் தெளிவாக இல்லையென்றால், அல்லது சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால், பயாப்சி எடுத்துக்கொள் என்று நானே சொல்வேன். அப்போது உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொண்டு போ. எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வரவேண்டும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள். நாள் தள்ளிப்போயிருந்தால் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடு. ஊக்கு, ஹேர்பின், வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றவேண்டும். தாலிக்கொடியையும் கழற்றச் சொல்வார்கள். அத்தை மனசு சங்கடப்படும் என்றால் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள், பல பேர் அப்படித்தான் வருகிறார்கள். உள்ளே டமடமவென்று சத்தம் கேட்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். முக்கியமானது மூச்சு. பிடிக்கச் சொன்னால் பிடிக்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் கால் நிமிஷம் இருக்கும். மருந்து ஏறியதும் சிலருக்கு ஒரு கணம் மூச்சு முட்டுவது போல் இருக்கும். பயப்படாதே, தானாகவே சரியாகிவிடும். மூச்சு விட்டுவிட்டால் படம் கலங்கிவிடும், அந்தத் தமனிப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. நம் பம்புசெட் கிணற்றில் என்னைவிட அதிக நேரம் முங்கிக் கிடந்தவள் நீ. உனக்கு இது பெரிய விஷயமில்லை.

படம் எடுத்ததும் ஃபிலிமைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. அதில் ஒன்றும் தெரியாது. முழுப் படங்களையும் பென் டிரைவில் வாங்கி அனுப்பு. ஆனால் நான் முதலில் பார்க்கமாட்டேன் பாப்பா. வேலையில் யார் யாருடைய ஈரலையோ நிதானமாகப் பார்க்கிறேன், உன் பெயர் போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சொந்த ரத்தம் என்றால் கண் தான் பார்க்க ஆசைப்படுவதைத்தான் பார்க்கும். ஈரல் படங்களிலேயே பழுத்த மூத்த டாக்டர் ஒருவர் என்னோடு இருக்கிறார். அவர் முதலில் பார்க்கட்டும், நான் பிறகு பார்க்கிறேன்.

ஹீமாஞ்சியோமா அல்லது எஃப்.என்.ஹெச். என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் உனக்கு வைத்தியமே தேவையில்லை. திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று ஐரோப்பிய ஈரல் மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறார்கள். அடினோமா என்றால் மாத்திரையை நிறுத்தி, 6 மாதம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, அப்புறம் முடிவெடுக்கலாம்.

அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்லவேண்டாம். கட்டிக்குப் பெயர் தெரிந்த பிறகு நானே போய்ச் சொல்கிறேன். அத்தான் உன்னை ரொம்ப விசாரித்தார். குட்டியிடம் பெரியம்மா முத்தம் கொடுத்ததாகச் சொல்.

பயாப்சி தேதியைத் தள்ளிவை, எம்.ஆர்.ஐ.க்குத் தேதி வாங்கு. அதற்கெல்லாம் முன்னால் நாளைக்குக் காலையில் அந்த டாக்டரிடம் போய், மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டு வா.

உன் அன்பு
அக்கா