திருத்தணியிலிருந்து வந்த ஒரு பிராட்பேண்ட் வழக்கு

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு அருகே கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி வந்தார் ஓர் அம்மா. வருமானச் சான்றிதழ், பட்டா நகல், திருப்பதி தரிசன டிக்கெட் என எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்கள் அவரிடம்தான் போவார்கள். மாதம் பாதி தாண்டினால் இணைப்பு இழுக்கும், விண்ணப்பம் பாதியில் நிற்கும். இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டால், “எஃப்யூபி முடிஞ்சுபோச்சு மேடம்” என்பார்களாம். முழு வேகத்தில் பயன்படுத்தும் டேட்டாவுக்கு நிறுவனம் வைக்கும் வரம்புதான் எஃப்யூபி. “அன்லிமிடெட்னு சொல்லித்தானே சார் பணம் வாங்கினாங்க?” என்று நிறுவனத்தின் விளம்பர நோட்டீஸை வழக்கறிஞரான என் மேசைமேல் வைத்தார். அதில் வரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருப்பதால் அவர் வெளியூருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கடை வைத்திருப்பவர் நுகர்வோரே அல்ல என்றது எதிர்த்தரப்பு. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று காட்டினேன்.

கடினமான ஆட்சேபம் வேறு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி இத்தகைய தகராறுகள் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடமே போக வேண்டும் என்றார்கள். எம். கிருஷ்ணன் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருந்தது. மாதம் சில நூறு ரூபாய் கட்டுகிறவர் நடுவரைத் தேடி எங்கே போவார்? அந்தத் தீர்ப்பால் எத்தனையோ பேர் புகார் கொடுக்காமலே விட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. எங்கள் வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2022 பிப்ரவரி 16 அன்று, வோடஃபோன் ஐடியா எதிர் அஜய் குமார் அகர்வால் வழக்கில் நீதிபதி சந்திரசூட் அமர்வு அந்தத் தடை இல்லை என்று தீர்த்தது.

அதன்பிறகுதான் விஷயத்துக்கே வந்தோம். ஒரு தெருவுக்கு வரும் கொள்ளளவைப் பல வீடுகள் பங்கிடுகின்றன, யாருக்கும் எல்லையின்றித் தர முடியாது என்று நிறுவனம் வாதிட்டது. அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. வீட்டு இணைப்புகளை ஒன்றுக்கு ஐம்பது வரை பகிரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயே 2009இல் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் எத்தனை ஜிபி வரை என்ன வேகம், தாண்டினால் என்ன வேகம் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், தாண்டிய பிறகும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது அதே ட்ராயின் 2016 அக்டோபர் உத்தரவு. கொள்ளளவு குறைவு என்பதை விற்கும்போதே சொல்லியிருந்தால் வழக்கே இல்லை.

கட்டணத்தில் ஒரு பகுதியையும் இழப்பீட்டையும் தர ஆணையம் உத்தரவிட்டது. பின்னாளில் வந்த 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், இணையவழித் தீர்வு முறையைக் கொண்டுவந்தாலும் நுகர்வோர் சட்டப்படி முறையிடும் உரிமையை அது பாதிக்காது என்று 30ஆம் பிரிவில் எழுதியே வைத்துவிட்டது.